கண்ணாடியில் வைத்த பொட்டு

கடலூர் என்று ஓர் ஊருக்குப் பெயர் வைத்துவிட்டு, மாவட்டத்துக்கும் அதே பெயரை வைத்தவர்களைப் பிடித்து மழைக்காலத்தில் ஒரு நாள் டி.வி. முன்னால் உட்கார வைக்க வேண்டும். ‘கடலூரில் கனமழை’ என்று கீழே எழுத்து ஓடும். அது மங்கலம்பேட்டையில் பெய்த மழையாக இருக்கலாம். குறிஞ்சிப்பாடியாக இருக்கலாம். நான் வேலை பார்க்கும் சிதம்பரமாகவும் இருக்கலாம்; சிதம்பரமும் கடலூர் மாவட்டம்தானே. வரைபடத்தில் மாவட்டம் மொத்தத்தையும் ஒரே சிவப்பாகத் தீட்டிக் காட்டுவார்கள். என் அக்கா வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கிறதா இல்லையா என்று அந்தச் சிவப்பில் எங்கே போய்த் தேடுவது?

அக்கா வீடு கடலூரில், கெடிலம் ஆற்றில் போய்ச் சேரும் ஒரு வாய்க்காலை ஒட்டிய தெருவில் இருக்கிறது. வீடு கட்டியபோது தெருவிலிருந்து இரண்டு படி ஏறி உள்ளே போனோம். இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறோம். வீடு இறங்கவில்லை. பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புது ரோடு போட்டார்கள். சில வருஷம் கழித்து அதன் மேல் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் நாலு பேர் வந்து தேங்காய் உடைத்தார்கள். ரோடு உயர்ந்தது, வீடுகள் பள்ளமாயின. வாய்க்கால் பாலத்துக்கு அடியில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கொட்டினால் போதும், தண்ணீர் போக வழியில்லாமல் தெருவுக்கு ஏறி, தெருவிலிருந்து வீடுகளுக்குள் இறங்கிவிடும்.

அக்கா புருஷன், என் மாமா, நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டியவர். ஒரு சீசனில் டிரெய்லர் சாய்ந்து இடுப்பில் விழுந்தது. அதற்குப் பிறகு கால்கள் இல்லாத மாதிரிதான். கையும் வாயும் நன்றாக வேலை செய்கின்றன, வாய் கொஞ்சம் அதிகமாகவே. கட்டிலை ஜன்னலோரம் போட்டு, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு வம்பு பேசிக்கொண்டு கிடப்பார்.

வெள்ளம் வந்த அந்த வருஷம், விடியற்காலையில் தண்ணீர் உள்ளே வந்தது. அக்கா விழித்துக் காலைக் கீழே வைத்தபோதே முட்டி வரைக்கும் இருந்ததாம். எதிர்வீட்டு ஆட்டோக்காரரும் இன்னும் மூன்று பேரும் வந்து, உடுத்தியிருந்த லுங்கியோடு மாமாவைத் தோளில் போட்டுத் தூக்கிப் போனார்கள். வழியில் லுங்கி அவிழ்ந்துவிட்டது. தெருவே பார்த்தது. எல்லோரும் பள்ளிக்கூடத்து மாடியில் ஏறி உட்கார்ந்த பிறகு, மைக் கட்டிய ஆட்டோ ஒன்று ரோட்டு முனை வரைக்கும் வந்து, தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனது. சொன்னதாகக் கணக்கு எழுதியிருப்பார்கள்.

நான் மறுநாள் போனபோது மாமா வழக்கம்போல வம்பு பேசவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“மூட்ட தூக்கற மாதிரி தூக்கினாங்க மச்சான். நானே எவ்ளோ மூட்ட தூக்கினவன். அடுத்த தபா ஒன்னு பண்ணு. என்னை உக்காந்த மேனிக்கு வெளிய போக வை. இல்லன்னா வேணாம், இங்கயே கெடக்கறேன்.”

அவர் சும்மா சொல்லவில்லை. அக்காவுக்கும் அது தெரியும். காய்ந்த படியில், நாற்காலியோடு தூக்கினால் இரண்டு பேர் போதும். தண்ணீர் வந்துவிட்டால் படி வழுக்கும், நாற்காலி முடியாது, தோள்தான். எல்லாம் ஒரு மணி நேரம் முன்னதாகத் தெரிவதில் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தைச் சொல்ல அரசாங்கத்தில் ஆள் இல்லை என்றால், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கிளம்பினேன்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன், அதிலும் எட்டு முடிக்கவில்லை. லாரி கிளீனராக நாக்பூர் வரைக்கும் போயிருக்கிறேன். கொச்சியில் ஐஸ் பேக்டரி. குறிஞ்சிப்பாடி பக்கம் கேபிள் டி.வி. ஒயர் இழுத்தேன். பிறகு கேமரா மாட்டும் ஆட்களோடு ஏணி தூக்கினேன். எந்த ஊரிலும் இரண்டு வருஷம் தங்கவில்லை; சில ஊரில் சாப்பாடு இல்லை, சில ஊரில் மனசு நிற்கவில்லை. இப்போது சிதம்பரத்தில் கீழவீதி பக்கம் ஒரு லாட்ஜில் மோட்டார், ஒயரிங், தண்ணீர்த் தொட்டி எல்லாம் என் பொறுப்பு. மாடிப்படிக்குக் கீழே படுக்கை.

மழையை அளக்கும் கருவி ஒன்றை அக்கா வீட்டுக் கூரையில் வைத்தேன். உள்ளே சின்னக் கரண்டி போல ஒரு தட்டு. மழை நிறைந்தால் சாய்ந்து கொட்டிவிட்டு நிமிரும். எத்தனை தடவை சாய்ந்தது என்று எண்ணி என் போனுக்கு அனுப்பிவிடும். ஆனால் அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு பாலத்தடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியாது. பார்க்க வேண்டும். அதற்குக் கேமரா.

முதலில் கடையில் சொன்னதை நம்பி, வெளியே மாட்டுகிற கேமரா என்று ஒன்றை வாங்கினேன். ‘வாட்டர் புரூஃப்’ என்று பெட்டி முழுக்க எழுதியிருந்தது. மழை வருவதற்கு முன்பே, வெறும் பனியிலேயே உள்ளே வியர்த்து, மூன்றாவது வாரம் செத்துப்போனது. கழற்றிப் பார்த்தால் திருகாணியெல்லாம் பச்சை பூத்திருக்கிறது. கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

“எங்க சார் மாட்னீங்க?” என்றார் கடைக்காரர்.

“கடலூர்ல.”

“அங்க கடல் காத்து சார். இது தண்ணிக்குத்தான் புரூஃப், உப்புக்கு இல்ல.”

கடலூரில் கடல் இருப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். அதற்கு மேல் விலையில் நல்லது இருக்கிறது என்று இன்னொரு பெட்டியைக் காட்டினார். அது என் கைக்கு எட்டாது. கைக்கு எட்டாதவனுக்கு மழை பெய்யாதா?

வீட்டுக்குள் வைக்கிற சாதாரணக் கேமரா ஒன்றை வாங்கினேன், அதுதான் இருப்பதிலேயே மலிவு. ஒயர் இணைப்புக்கு வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்து, முன்பக்கம் வட்டமாக அறுத்து, போட்டோ பிரேமில் இருந்து எடுத்த கண்ணாடியைத் துண்டாக்கி ஒட்டினேன். லாட்ஜில் புது ஷூ வாங்கிவரும் யாத்திரீகர்கள் விட்டுப்போகும் அட்டைப்பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் கிடக்கும். அதைச் சேர்த்துவைத்து உள்ளே போட்டேன். வியர்த்தால் வடிய அடியில் ஒரு துளை. ஒயர் நேராகப் போனால் மழைநீர் அதைப் பிடித்துக்கொண்டே பெட்டிக்குள் போகும் என்பதால், நுழைவதற்கு முன் ஒரு வளைவு தொங்கவிட்டேன். இருட்டில் எரியும் சிவப்பு விளக்கை அணைத்தேன். அது கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் படத்தை வெளுப்பாக்குவதோடு, பூச்சியைக் கூப்பிட்டு, பூச்சி சிலந்தியைக் கூப்பிட்டுவிடும். வெயில் நேரே விழாமல், அக்கா வீட்டுச் சுவரில் உயரமாக, வடக்கே பார்க்க வைத்தேன். நல்லவேளை, பாலமும் வடக்கேதான். மின்சாரம் போனால் நிற்கக் கூடாது என்று சின்ன பேட்டரியும் மாட்டினேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்து என் போனுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை.

பாலத்துச் சுவரில் மூன்று கோடு தீட்டினேன். வெள்ளைக் கோடு தொட்டால் கவனி. மஞ்சள் தொட்டால் கிளம்பு. சிவப்பு என்பது அக்கா வீட்டு வாசற்படி மட்டம். அது தொட்டால் பேச்சே இல்லை. கோடு போடும்போது கட்டிலில் இருந்து மாமா கத்தினார்.

“மச்சான், எலெக்ஷனுக்குச் சுவரு புடிக்கிறியா? எந்தக் கட்சி?”

“உன் கட்சிதான் மாமா.”

“அப்ப தோக்கறதுக்கு ரெடியா இரு.”

சிதம்பரத்தில் மோட்டார் ரூமில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்ப்பேன். பாலம், மூன்று கோடு, மூலையில் ஆட்டோக்காரர் வீட்டு ஓடு, மேலே ஒரு பட்டை வானம். பகலில் வேறு வேலை இல்லாதபோதெல்லாம் அதையே பார்த்தேன். லாட்ஜ் மேனேஜர், கோயிலைச் சுற்றிப் பல தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பத்து மனிதர், ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா, வாய்க்காலைப் போயி சினிமா மாதிரி பாக்கற?”

“எங்க அக்கா வூடு சார்.”

“வீடு எங்க இருக்கு இதுல?”

“வூட்ல இருந்துதான் சார் பாக்கறோம்.”

ஆயுத பூஜை வந்தது. லாட்ஜ் நிறைந்திருந்ததால் லீவு கிடைக்கவில்லை. காலையில் மோட்டாருக்கும் ஏணிக்கும் நானே சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தேன். பிறகு போனைத் திறந்தால், பாலம் இல்லை. படம் முழுக்கப் பழுப்பும் சிவப்புமாக ஒரு வட்டம். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம்.

லென்ஸ் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கடைக்காரரை, கண்ணாடியை, கடலை, எல்லாவற்றையும் திட்டினேன். ஐந்து நிமிஷம் கழித்து அடுத்த படம், அதே வட்டம். இன்னும் ஐந்து நிமிஷம். மூன்றாவது படத்தில் வட்டத்தின் மேல் ஓரத்தில் ஒரு விரல் ரேகை தெரிந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, கேமராவ என்னா பண்ண?”

“ஒன்னும் பண்ணலியே. பூஜ போட்டேன். மாமாதான் சொன்னாரு, மெஷினுக்கு இன்னைக்குப் பொட்டு வைக்கணும்னு. நீயும் இல்ல. ஏணி போட்டு நானே ஏறினேன்டா, அந்தப் பயத்துல.”

பின்னால் மாமாவின் குரல். “நடு நெத்தியில வைன்னு சொன்னேன் மச்சான். இதுக்கு நெத்தி எதுன்னு கேக்கறா. மூஞ்சி மாதிரி ரவுண்டா இருக்குதே, அது நடுவுலதான்னு சொன்னேன். நல்லாத் தெரியுதா?”

ஓட்டிய டிராக்டருக்கெல்லாம் வருஷம் தவறாமல் பொட்டு வைத்த மனிதர். டிராக்டருக்கு நெற்றியில் கண் கிடையாது.

“அக்கா, ஒரு ஈரத்துணிய எடுத்து அத அழிச்சிடு.”





“துணியெல்லாம் எடுக்க மாட்டேன்.”

“ஏன்?”

“குங்குமத்த அழின்னு வாய் கூசாம சொல்ற. அந்த மனுஷன் இப்படிப் படுத்திருக்கும்போது, நல்ல நாளும் அதுவுமா என் கையால குங்குமத்த அழிக்கணுமா? நீ இன்னா பேசறன்னு தெரிஞ்சிதான் பேசறியா?”

துடை என்று சொல்லியிருக்க வேண்டும். அழி என்று சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான். அதற்குப் பிறகு துடை, கழுவு, ஒற்றி எடு என்று எத்தனை வார்த்தை போட்டும் அவள் காதில் ஒரே வார்த்தைதான் விழுந்தது.

“அவ அழிச்சா நான் பூடுவனாம் மச்சான்,” என்றார் மாமா. “நீ வந்து அழி. உனக்குப் பொண்டாட்டியும் இல்ல, போறதுக்கும் யாரும் இல்ல.”

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. இத்தனை நாள் உப்பையும் பனியையும் சிலந்தியையும் எதிர்த்து வைத்த கண்ணை, ஒரு விரல் மூடிவிட்டது. ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன், பூஜை போட்ட வண்டியில் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறார், மதியத்துக்கு மேல் வருவாராம். மேனேஜரிடம் போய் அரை நாள் லீவு கேட்டேன். எதற்கு என்றார். பொட்டைத் துடைக்க என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நாளைக்குப் போ” என்றார். சிதம்பரத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நாளைக்குப் போனால் என்ன என்று நானும் விட்டேன்.

மதியம் மூன்று மணிக்கு மேல் அக்கா வீட்டுக் கூரையில் கரண்டி சாய ஆரம்பித்தது. முதலில் ஒன்று, இரண்டு. பிறகு எண் ஓடியது. வெளியே வந்து பார்த்தேன். கோபுரத்துக்கு மேல் ஒரு பொட்டு மேகம் இல்லை. வடக்கே மட்டும் அடிவானம் கறுத்திருந்தது. போனில் படம் அதே சிவப்பு வட்டம், இப்போது இன்னும் இருட்டாக. அக்காவுக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை.

மழைக்காலத்தில் கூப்பிடச் சொல்லி டி.வி.யில் காட்டிய ஒரு அலுவலகத்து எண்ணைக் குறித்து வைத்திருந்தேன். கூப்பிட்டேன். ஒருவர் எடுத்தார்.

“கடலூர்ல மழை கொட்டுது சார். எங்க தெரு வாய்க்கால் அடைச்சிருக்குது. மைக் வண்டி அனுப்புங்க.”

“கடலூர்ல மழை இல்லையே சார். அளவு எடுக்கற எடத்துல தூறல்தான்.”

“எங்க தெருவுல கொட்டுது.”

“எப்படி அளந்தீங்க?”

“மழைமானி வச்சிருக்கேன்.”

“கவர்மென்ட் மானியா?”

“என்னோடது சார்.”

“சரி. நீங்க எங்கேர்ந்து பேசறீங்க?”

“சிதம்பரத்துலேர்ந்து.”

 அவர் பக்கத்தில் யாருக்கோ சொல்கிற மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார். “சிதம்பரத்துல உக்காந்துகினு கடலூர்ல மழைங்கறாரு. சார், அங்க மழையா?”

“இங்க வெயில்.”

“அப்பறம் இன்னா சார்?”

வைத்துவிட்டார். மழை அவர்கள் வைத்த டப்பாவில் விழுந்தால்தான் மழை. அந்த டப்பாவுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் எத்தனை ஆயிரம் பேர் நனைந்தாலும், அவர்கள் நோட்டில் அந்த ஜனங்கள் காய்ந்துதான் இருப்பார்கள்.  மேனேஜரிடம் சொல்லாமலே சட்டையை மாட்டினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அடுத்த படம் வந்தது. வட்டத்தின் மேல் பக்கம் கரைந்திருந்தது. சாரல் கண்ணாடியில் அடிக்கிறது. அதற்கடுத்த படத்தில் சிவப்பு நூல் நூலாக இறங்கியது. அதன் வழியே பாலத்துச் சுவர் தெரிந்தது. வெள்ளைக் கோடு இல்லை. சிவப்பாக ஒன்று தெரிகிறது, அது நான் போட்ட கோடா, அக்கா வைத்த குங்குமமா என்று தெரியவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம் என்று வைத்தவன் நான்தான். இரண்டு நிமிஷம் என்று வைத்திருக்கலாம்.

வந்தது. மழையே கழுவிக் கொடுத்திருந்தது. தண்ணீர் மஞ்சள் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது லைன் கிடைத்தது.

“அக்கா, கெளம்பு. மஞ்சளுக்கு வந்துட்டுது.”

“வூட்டாண்ட இன்னும் ஒன்னும் வரலியேடா. மைக்கும் வரல.”

“மைக் வராது. போன மாமாகிட்ட குடு.”

மாமா எடுத்தார். “தெருவுல தண்ணியே இல்ல மச்சான். சும்மா சும்மா என்னைத் தூக்கிக் காட்டறதுக்கு நான் இன்னா தேர் சாமியா?”

“மாமா, இப்ப படி காஞ்சிருக்குதா?”

“நனைஞ்சிருக்குது. ஏறலாம்.”

“இப்ப போனா உக்காந்துகினு போவ. அரை மணி கழிச்சின்னா தோள்ல போவ. நீதான கேட்ட?”

 போனைக் கையில் பிடித்தபடியே அவர் கத்தினார். “ஏய், அந்தக் கல்யாணச் சட்டைய எடு. சீப்ப எடு.”

ஆட்டோக்காரர் அதற்குள் வந்திருந்தார். அவரும் அக்காவுமாக பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி இரண்டு படி ஏற்றினார்கள். பூஜை போட்ட ஆட்டோவில், வாழைக்கன்று கட்டியபடியே, மாமா பின் சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போனார். போகிற வழியில் ஒவ்வொரு வாசலிலும் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, வெளியே வாங்க, மஞ்சளுக்கு வந்துட்டுதாம் என்று கத்திக்கொண்டு போயிருக்கிறார். சிலர் சிரித்தார்கள். பாதிப் பேர் வந்தார்கள்.

நான் தெரு முனைக்குப் போனபோது தண்ணீர் தொடை வரைக்கும் இருந்தது. வீட்டுக்குள் கட்டில் ஒரு பக்கமாக மிதந்துகொண்டிருந்தது. அக்காவின் பூஜைப் படையலில் இருந்த பொரி சுவரோரம் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அங்கே நின்றபோதுதான் ரோட்டிலிருந்து மைக் சத்தம் கேட்டது. தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும். இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய், அந்த வண்டிக்காரரிடம் கேட்டேன், யாருக்குச் சொல்றீங்க என்று. அவர் பாவம், சம்பளத்துக்கு வந்தவர். “எனக்கு இப்பத்தான் சார் சொன்னாங்க” என்றார்.

பள்ளிக்கூடத்தில் மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை வாரியிருந்தது. சட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா மச்சான், முழுசா நனைஞ்சி வந்திருக்க? எவனும் உனக்குச் சொல்லலியா?”

சேதத்தைக் குறிக்க வந்த அதிகாரியிடம் என் போன் படங்களைக் காட்டினேன். முதல் சில படங்களைத் தள்ளிப் பார்த்துவிட்டு, “என்னங்க இது, பொட்டு மாதிரி இருக்கு?” என்றார். பொட்டுதான் என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு எங்கள் தெருவில் பெய்தது அவர்கள் நோட்டில் இன்றைக்கும் தூறல்தான். பாலத்தடியை இன்னும் யாரும் அள்ளவில்லை. ரோடு இன்னொரு தடவை போடப் போகிறார்களாம்.

என்னால் செய்ய முடிந்ததைச் செய்தேன். எண்ணெய் டின்னை வெட்டி, கண்ணாடிக்கு மேலே முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு தகடு அடித்தேன். வெயிலுக்கும் சாரலுக்கும் நல்லது. பச்சைப் பெயின்ட் அடித்து அக்காவை ஏணியில் ஏற்றிக் காட்டினேன். “இதான் நெத்தி. இதுக்குக் கீழ கண்ணு.”

அடுத்த ஆயுத பூஜைக்கும் லீவு கிடைக்கவில்லை. காலையில் மோட்டார் ரூமில் போனைத் திறந்தேன். முதல் படத்தில் மேலே அக்காவின் கை, வளையலோடு. அடுத்த படத்தில் கை இல்லை. பாலம், மூன்று கோடு, அடைத்துக்கொண்டு நிற்கும் ஆகாயத்தாமரை. அதற்கடுத்ததில் பாலத்துக்கு இந்தப் பக்கம், ரோட்டோரம், பிளாஸ்டிக் நாற்காலியில் சட்டை போட்டு மாமா உட்கார்ந்திருந்தார். கையைத் தூக்கி எதையோ காட்டிக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

“தெரியறனா மச்சான்?”

“தெரியற மாமா.”

“பொட்டு?”

“தெரியல.”

“அப்ப சரியா வச்சிருக்கா,” என்றார்.